நீல மூடி

கழனிவாசல் சாலையில் என் கடைக்கு
ஆயில் வாங்க வருகிறவர்கள் இரண்டு வகை.
"ஏதாச்சும் குடுங்க" என்பவர்கள் ஒரு வகை.
மற்றவர்கள் பெயர்கூடச் சொல்வதில்லை.
"நீல மூடி" என்பார்கள்.

விளம்பரம் கிடையாது.
கம்பெனி ஒரு சாவிக்கொத்துகூடக் கொடுத்ததில்லை.
விலையோ மற்றதைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு.
முதலில் ஊற்றியவர் ஸ்கூல் வேன் சவரிமுத்து.
மூன்றாம் நாள் வந்து,
"காலையில ஸ்டார்ட் பண்ணா
உள்ள சுண்டலைக் குலுக்குற மாதிரி ஒரு சத்தம் வரும்ல,
அதைக் காணோம்" என்றார்,
எதையோ தொலைத்தவர் போல.

அதற்குப் பிறகு தாள்கள் வரத் தொடங்கின.
காலண்டரில் கிழித்தது. பின்பக்கம்
டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு.
ஓர் இரவு விட்டால் வட்டம் விரியும்:
நடுவில் கரி, சுற்றிலும் தேன்நிறம்,
ஓரத்தில் பென்சிலில் கிலோமீட்டர்.
சகுபர் தன் புல்லட்டுக்குத் தனிப் பேரேடே போட்டிருக்கிறார்.
பற்று, வரவு, குறைந்தது எத்தனை மில்லி.
முப்பது வருஷம் நகைக்கடையில் கணக்கெழுதிய கை.
பிரஷர் மாத்திரைக்கு மட்டும் கணக்கில்லை என்று
அவர் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

எனக்குத் தெரிந்த காரணம் இவ்வளவுதான்:
காசு கூடக் கொடுத்தவன் காது கொடுக்கிறான்.
காது கொடுத்தவன்
தளர்ந்த நட்டை முறுக்குகிறான்,
ஏர் ஃபில்டரைத் தட்டிப் போடுகிறான்,
மூவாயிரத்தில் மாற்ற வேண்டியதை
மூவாயிரத்திலேயே மாற்றுகிறான்.
வண்டி நன்றாக ஓடுகிறது.
பேர் நீல மூடிக்கு.
இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.
கடை என்னுடையது.

ஆவணி லோடில் மூடி சிவப்பாக வந்தது.
அதே டப்பா, அதே எண், அதே முத்திரை.
பதினோரு நாள் ஒரு லிட்டர் நகரவில்லை.
"கம்பெனி கை மாறிடுச்சாம்" என்றார் ஒருவர்.
"வாடையே வேற" என்றார் இன்னொருவர்,
திறக்காத டப்பாவை மோந்துவிட்டு.

கடைசியில் டாக்ஸி அடைக்கலம் துணிந்து ஊற்றிக்கொண்டார்.
தினமும் மதுரை ஏர்போர்ட், போக வர.
ஆறாம் நாள் சொட்டெடுத்து
கல்லாமேசைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டுப் போனார்.
மறுநாள் நான் ஷட்டரைத் தூக்குமுன்
நாலு பேர் நிற்கிறார்கள்,
பிரசவ வார்டு வாசல் மாதிரி.
பழைய தாளையும் புதுத் தாளையும்
வெயிலுக்கு நேரே பிடித்தார் சகுபர்.
ரொம்ப நேரம்.
"அதேதான்."

மூன்று பேர் அங்கேயே வாங்கினார்கள்.
சவரிமுத்து மட்டும்
பழைய ஸ்டாக் கிடக்கிறதாம் என்று
தேவகோட்டைக்கு வேனை எடுத்தார்.
வளைவு திரும்பும்வரை
நானும் காது கொடுத்துக் கேட்டேன்.