கார்புரேட்டர் ஷரோல்டாவிடம்

பாகப்பிரிவினை எங்கள் வீட்டில்
சொல்லுக்குச் சொல் அப்படியேதான் நடந்தது.
அப்பாவின் பன்னோனியா மூத்தவள் எடெல்காவுக்கு என்று
நோட்டரி வாசித்து முடித்த அன்று மாலை
ஷரோல்டா ஸ்பானரோடு வந்தாள்.
இரண்டே நட்டு.
கார்புரேட்டரைக் கழற்றிக்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
இதே தெருவில் நாலாவது வீட்டுக்கு
நடந்து போனாள்.

பத்தொன்பது வருஷம்.

ராட்ஸ்கெவெயில் எல்லாருக்கும் தெரியும்.
ரொட்டிக்கடை வரிசையில்
எங்கள் இருவருக்கும் நடுவே
யாராவது ஒருவர் வந்து நின்றுகொள்வார்கள்.

இந்த மார்ச்சில் டான்யூப் ஏறிக்
கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்.
வண்டியை இழுத்தாக வேண்டும்.
டயர் இரண்டும் தரையோடு தரையாகியிருந்தன.
ஏர் ஃபில்டருக்குள் எலிக்கூடு:
அப்பாவின் கம்பளிக் கையுறையில் ஒரு விரல்,
வால்நட் ஓடுகள், பாதித் தேர்தல் நோட்டீஸ்.
கார்புரேட்டர் இருந்த ஓட்டைதான் வாசல்.
தங்கச்சி புண்ணியத்தில்
எத்தனை குடும்பம் பிழைத்ததோ.

தண்ணீர் வடிந்தது.
வண்டி முற்றத்திலேயே நின்றது.
திரும்ப உள்ளே தள்ள மனசு வரவில்லை.

பகலெல்லாம் பல் ஆஸ்பத்திரியில்
ஊரார் வாய்க்குள் விளக்குப் பிடிப்பது என் வேலை.
ராத்திரி இது.
பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில்
டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றினேன்.
பதினோரு நாள் கிக்கர் மேல் ஏறி நின்றேன்.
என் எழுபத்தெட்டுக் கிலோவை அது மதிக்கவில்லை.
பன்னிரண்டாம் நாள் உள்ளே எங்கோ
டக்.
பிஸ்டன் ஒரு நூல் இறங்கியது.
"அவ்வளவுதான், இதோ, அவ்வளவேதான்"
என்று சொல்லிக்கொண்டிருந்தேன்,
கடைவாய்ப் பல் பிடுங்கும்போது
நோயாளியின் தோளைப் பிடித்துச் சொல்கிற அதே குரலில்.

டேங்கில் பெட்ரோல் வார்னிஷாகியிருந்தது.
மண்ணெண்ணெயும் கைநிறையப் போல்ட்டும் போட்டுக் குலுக்கினேன்.
பாயிண்ட்டைத் தேய்த்தேன்.
ஸ்பார்க் வந்தது, நீலமாக, அரிசி அளவு.

இனி ஒன்றுதான் பாக்கி.

புடாபெஸ்ட் ஞாயிற்றுச் சந்தையில்
அதே மாடல், அதே எண், கிடைத்தது.
கையில் எடுத்தேன். விலை கேட்டேன்.
பேரம்கூடப் படிந்தது.
திரும்ப வைத்துவிட்டு
இரண்டு கிலோ வெங்காயத்தோடு வீடு வந்தேன்.

மறுநாள் நாலாவது வீட்டுக் கதவைத் தட்டினேன்.
அவளும் என்னைப் போலவே பருத்திருந்தாள்.
"ஜெட் அடைத்திருக்கிறதா?" என்றேன்.
பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம்
வாயில் வந்தது அதுதான்.

கரண்டி டிராயரைத் திறந்தாள்.
வெண்ணெய்க் காகிதச் சுருள்.
"கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எண்ணெய் போட்டேன்"
என்றாள், திருடு பிடிபட்டவள்போல.
மினுமினுவென்று இருந்தது.
அந்த எண்ணெயே பிசினாகி
ஜெட்டை அடைத்திருந்தது.
ஆஸ்பத்திரி ஊசியால்,
சொத்தைப் பல்லை நோண்டுகிறமாதிரி
நோண்டி எடுத்தேன்.

மாட்ட என்னை விடவில்லை.
"நான் கழற்றினது. நானே மாட்டுவேன்."
டைமிங்கும் அவளே வைத்தாள்.
எனக்குச் சந்தேகம்தான்.
வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்தாவது உதையில் பிடித்தது.
முற்றம் முழுக்க நீலப்புகை;
எதிர்வீட்டு லோரிண்ட்ஸ்
ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.
ஷரோல்டா ஏறி உட்கார்ந்தாள்.
கிளட்ச். முதல் கியர். விட்டாள்.

வண்டி பின்னால் போனது.

ஆமாம், பின்னால்.
டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு
எந்தப் பக்கம் சுற்றினாலும் சம்மதம்;
டைமிங் தப்பினால் தலைகீழாகவும்
அதே உற்சாகத்தோடு ஓடும்.
வாயைப் பிளந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு
என் தங்கை
கூஸ்பெர்ரிச் செடிகளைத் தாண்டி
மழைத்தண்ணீர் பீப்பாயில் போய் மோதி
நனைந்து உட்கார்ந்திருந்தாள்.

"டைமிங்" என்றேன்.
"கார்புரேட்டர்" என்றாள்.
"டைமிங்டி."
"நீ ஜெட்டைக் கிளறினாயே, அது."

இருட்டும்வரை இதே சண்டை.
பழையதை யாரும் தொடவில்லை.

போகும்போது
ஸ்பானரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.
நாளைக்கு வருவாள் என்று அர்த்தம்.
இல்லையென்றால்
அதே பழைய புத்தி.