இரண்டு விசில்

மூணாவது செட். பதினாலு, பதிமூணு.
பள்ளிகொண்டாவில், பாலாற்று மணலை ஒட்டிய மைதானம்.
எட்டு ஃபோகஸ் லைட்டில் ஒன்று
ஆரம்பத்திலிருந்தே கண்ணடித்துக்கொண்டிருந்தது.
முதல் பரிசுக் கிடா
மைக் செட்டுக்காரன் மேஜைக் காலில் கட்டியிருந்தது.

பந்தைத் தூக்கிக் கொடுத்தான் இர்ஃபான்.
லோகு எழும்பினான்.
அவன் எழும்பும்போது
நடுப்பேட்டை மொத்தமும் குதிகாலில் நிற்கும்.
அடித்தான்.
மேல்பட்டிக்காரர்களின் பின்மூலையில்
சுண்ணாம்புக் கோடு புகைந்தது.

எல்லோரும் புகையைப் பார்த்தோம்.
நானும்தான்.
என் வாயில் விசில். குடியாத்தம் பஸ்ஸில்
பன்னிரண்டு வருஷமாய்க் கழுத்தில் தொங்குகிற விசில்.
டியூட்டி முடிந்தும் கழற்றாமல் வந்திருந்தேன்.
மூச்சு இருக்கும்வரை ஊதினேன்.

வலைக்கு இந்தப் பக்கம்
மல்லாந்து கிடந்தான்.
சந்தோஷத்தில் படுத்திருக்கிறான் என்று நினைத்து
"அப்படியே தூங்கு மச்சான், இந்த ராத்திரி உன்னுது" என்று கத்தினேன்.
பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.
போன் எடுத்து ஒரு படமும் பிடித்தேன்.
அந்தப் படத்தில் அவன் வாய் திறந்திருக்கிறது.
அது சிரிப்பில்லை என்பது
பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.
அதற்குள் நாலு பேர் என்னைத் தோளில் தூக்கியிருந்தார்கள்,
நான் எதையும் அடிக்காதவன்.

அப்புறம் நான் நினைத்ததைச் சொல்லவேண்டும்,
சொல்லாவிட்டால் இந்தக் கணக்கு சரியாகாது:
அவன் முட்டி பக்கவாட்டில் திரும்பியிருந்ததைப் பார்த்தேன்,
பார்த்த அதே நொடியில் நினைத்தேன்,
ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டையோடு ஆட்டம்,
யார் அடிப்பது?

டாட்டா ஏஸில் பின்னால் ஏற்றினோம்.
கோப்பை, கிடா, லோகு, நாங்கள் ஆறு பேர்.
கிடாவை எங்கே விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.
அது அவன் மாலையிலிருந்து
ஒவ்வொரு சாமந்தியாகப் பிடுங்கித் தின்றது.
மேம்பாலம் இறங்கும்போது வண்டி குலுங்கியது,
லோகு என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:
"உள்ள தானே விழுந்துச்சு?"
"உள்ள தான்டா."
"கோட்டு மேலயா?"
"கோட்டு மேல."
அதன் பிறகு வேலூர் வரும்வரை பேசவில்லை.

சி.எம்.சி.யில் ராத்திரி ஒன்றரை மணி.
ஜவ்வு அறுந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா,
ஸ்கேன் பார்க்கவேண்டும் என்றார்,
மறுபடி ஆடுவானா என்று நாங்கள் கேட்டதற்கு
முதலில் நடக்கட்டும் என்றார்.
வாசலில் கிடா கத்திக்கொண்டிருந்தது.

ஒன்று கேட்கவேண்டியிருந்தது. கஜபதியிடம் கேட்டேன்.
நான் ஊதியது பந்து விழுந்த பிறகா,
அவன் இன்னும் காற்றில் இருக்கும்போதா?
அவன் என் பக்கம் திரும்பினானா?
"உன் விசிலா?
அந்தச் சத்தத்துல அவனவன் பேரே அவனவனுக்குக் கேக்கல,
போய் டீ வாங்கினு வா" என்றான்.
வாங்கி வந்தேன்.
ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்தேன்.

காலை ஐந்து நாற்பது டிரிப்.
தூக்கமில்லை, தொண்டை கட்டியிருந்தது.
டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து
"ஜெயிச்சீங்களாமே" என்றார்.
"ஜெயிச்சோம்ணே."
"எவ்ளோல?"
"ரெண்டு பாயிண்ட்ல."

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஒரு விசில். வண்டி நின்றது.
எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்தபடி ஒரு குடும்பம் இறங்கியது,
பாதி பஸ் இறங்கியது,
ஊன்றுகோலோடு ஒருவர் கடைசிப் படியை
ரொம்ப நேரம் பார்த்தார்.
அவர் கால் தரையைத் தொடும்வரை
விசிலை வாயருகே கொண்டுபோகவில்லை.

தொட்ட பிறகும் கொஞ்சம் நின்றேன்.
பின்னாலிருந்து யாரோ
"ரைட்டு குடுய்யா, எவ்ளோ நேரம்?" என்றார்.