கரைவு

ஒன்பது கோப்பு.
ஒரே கணக்கு.
ஐஸ் பார் எத்தனை என்று எண்ணி எடையால் பெருக்கு,
கடனைக் கூட்டு, கட்டினதைக் கழி,
பில்லை அடி.
திருக்கடலூருக்கு ஒன்று, சாம்பல்தீவுக்கு ஒன்று,
சல்லி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி,
கிண்ணியா, மூதூர், புல்மோட்டை.
ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தது.

யார் பார்த்த வேலை இது என்று
வரலாற்றைக் கிண்டினேன்.
பக்கம் பக்கமாக என் பெயர்.
மூன்று வருடத்துக்கு முந்தைய மார்கழி,
இரவு இரண்டு பதினாலு.
விடிந்தால் முதலாளி கணினியைத் திறக்க வேண்டும்,
ஜெனரேட்டர் வேறு இருமிக்கொண்டிருந்தது.
கொப்பி, பேஸ்ட்.
எட்டுத் தரம்.

சிக்கலை அளக்க ஒரு கருவி இருக்கிறது.
எத்தனை ‘ஆனால்’, எத்தனை ‘இல்லாவிட்டால்’ என்று
எண்ணிச் சொல்லும்.
பத்துக்குள் நின்றால் நல்லது.
எனக்கு நாற்பத்தொன்று போட்டது.
உட்துறைமுக வீதி மாடியில்
ஏசியை இரண்டு புள்ளி குறைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஆளில்லாத கிளைகள்தான் முதலில் போயின.
எப்போதோ ரத்தான வரிக்கு ஒரு நிபந்தனை,
மூடிப்போன வங்கிக்கு ஒன்று,
‘பிறகு பார்க்கலாம்’ என்று நானே எழுதிய குறிப்பு.
அந்தப் பிறகு வரவேயில்லை.
அழிக்க அழிக்கப் பசித்தது.

ஒன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
எட்டில் ஒரு பார் ஐம்பத்திநாலு கிலோ.
புல்மோட்டையில் மட்டும் ஐம்பது.
நித்திரையில் விரல் பிசகியிருக்கும்.
எனக்கு என்னைத் தெரியாதா.
ஐம்பத்திநாலாக்கினேன்.

ஒன்பதும் ஒன்றானது.
ஆயிரத்து எண்ணூறு வரி இருநூற்றுப்பத்தாய்ச் சுருங்கியது.
சோதனை எல்லாம் பச்சை.
கீழே இறங்கிப் போய்ப் பிளேன்டீ குடித்தேன்.
பஸ் நிலையத்தில் மான்கள் கடதாசி தின்றுகொண்டிருந்தன.
ஒரே மானைத்தான் மூன்று தரம் பார்க்கிறேன்
என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை புல்மோட்டையிலிருந்து
உவைஸ் காக்கா எடுத்தார்.
“புள்ள, பில்லுல ஐம்பத்திநாலு கிடக்கு.
என்ட கைக்கு வந்தது ஐம்பது.
மிச்சம் நாலையும் ரோட்டுக்கிட்ட கேளுங்க.”

சீனன்குடாவில் ஏற்றி, உமி தூவி, படங்கு போர்த்தி
எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும்
நிலாவெளி தாண்டும்போதே
பின்கதவால் சொட்டத் தொடங்குமாம்.

வரலாற்றை மறுபடி திறந்தேன்.
ஐம்பது என்ற அந்த ஒரு வரி மட்டும் மார்கழி இல்லை.
சித்திரை. பகல் மூன்று மணி.
முழு விழிப்போடு மாற்றியிருக்கிறேன்.
இதே குரல் அன்றும் எடுத்திருக்க வேண்டும்.
எண்ணை எழுதியவள்
காரணத்தை எழுதவில்லை.

பழையபடி பிரிக்க மனமில்லை.
ஒன்றாகவே விட்டு, அதற்கு ஒரு வாசல் வைத்தேன்.
பெயர்: கரைவு.
புல்மோட்டைக்கு நாலு.
திருக்கடலூருக்குப் பூச்சியம்.
குச்சவெளிக்கு?

விரல் அங்கே நின்றது.
குச்சவெளியும் அதே ரோட்டில்தான் இருக்கிறது.
அங்கே வெயில் வேறா?
மரியதாஸ் மூன்று வருடமாக ஐம்பத்திநாலுக்கே
காசு கட்டியிருக்கிறார்,
போன் எடுத்துச் சண்டை பிடிக்கிற ஆளில்லை அவர்.
தனித்தனிக் கோப்பில் இது
எழுதின என் கண்ணுக்கே தெரியவில்லை.

முதலாளியிடம் அட்டவணையை நீட்டினேன்.
ஒன்பது ஊர். ஒன்பது கட்டம்.
அதில் ஏழு வெறுமை.
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
“துஷாந்தினி, நான் புரோகிராமைச் சுருக்கச் சொன்னன்.
இப்ப கேள்வியெல்லோ கூடியிருக்கு.”

கேள்வி முன்னமே இருந்தது,
ஒன்பதாகக் கிழிந்து கிடந்தது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
லொறியில் கொண்டுபோக ஒரு தராசு மட்டும் கேட்டேன்.

நாளை குச்சவெளி.
விடிய நாலரைக்கு ஏற்றுகிறார்கள்.
மடிக்கணினி வேண்டாம்.
ஒரு கொப்பி போதும்.