கீழெல்லை

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்,
பியெக்சமாக்கியில், பன்னிரண்டு வருடமாக.
எண்பதைத் தாண்டினால் வண்டியே என்னைக் காட்டிக்கொடுக்கும்.
எனக்குத் தெரிந்த எல்லைகளெல்லாம்
தலைக்கு மேலே இருந்தவை.
கைத்துப்பாக்கிப் போட்டிக்கு வந்த பிறகுதான்
காலுக்குக் கீழே ஒன்றைப் பார்த்தேன்:
குண்டின் எடையை வேகத்தால் பெருக்கு,
ஆயிரத்தால் வகு,
நூற்றிருபத்தைந்துக்குக் குறையக் கூடாது.
கூடினால் கேட்பாரில்லை,
உன் மணிக்கட்டைத் தவிர.

அதனால் எல்லோரும் மதில்மேல் பூனைகள்.
மெல்ல உதைக்கிற துப்பாக்கி
சட்டென்று அடுத்த அட்டைக்குத் திரும்பும்.
அந்தக் கால் நொடிக்காகத்தான் இவ்வளவும்.

ஆகஸ்டு. கராஜ் கதவு திறந்திருந்தது.
கைப்பிடியை ஒருமுறை இழுத்தால்
ஒரு கூடு வாய் அகலும்,
ஒன்றில் மருந்து விழும்,
ஒன்று குண்டைக் கவ்வும்.
பத்துக்கு ஒன்றைத் தராசில் வைத்தேன்.
குன்றிமணியின் நிழலுக்கும் எடை சொல்கிற தராசு;
பெருமூச்சு விட்டால் எண் மாறிவிடும்.
கொசு காதில் பாடியது. அடிக்கவில்லை,
காற்று அசையுமே என்று.

மறுநாள் வேகமானியின் மேலாகப் பத்துச் சுட்டேன்.
நொடிக்கு எண்ணூற்று அறுபத்தெட்டு அடி.
பெருக்கிப் பார்த்தேன்: நூற்றிருபத்தேழரை, கொஞ்சம் கொசுறு.
போதும் என்று அறுநூறு செய்து அடுக்கினேன்.
நோட்டில் நான்கு கட்டம்:
தேதி, மருந்து, நீளம், வேகம்.

அக்டோபர். மிக்கெலிக்கு அப்பால் ஒரு சரளைக் குழி.
பெட்டிகள் இரவு முழுக்கக் காரின் டிக்கியில் கிடந்தன.
குட்டைகளில் கண்ணாடி போல் பனிக்கட்டி.
"ரூஸ்கனென், ஹெல்கா" என்று கூப்பிட்டார் வெயிக்கோ.
என் பெட்டியிலிருந்து எட்டு எடுத்தார்.
ஒன்றைப் பிரித்துக் குண்டை நிறுத்தார்.
மூன்றைச் சுட்டார்.
எண்ணூற்று நாற்பத்தொன்பது. நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு
இன்னும் மூன்று.
சிறந்த மூன்றைக் கூட்டி, வகுத்து,
நூற்றிருபத்துநான்கு புள்ளி ஏழு என்றார்,
யாரோ செத்த செய்தி போல.

எனக்குப் பின்னால் பிர்யோ நின்றாள்.
அவள் தோட்டாப் பெட்டி ஜாக்கெட்டுக்குள் இருந்தது,
கோழிக்குஞ்சை ஒளித்தவள் போல.
நான் திரும்பியதும் ஊசியிலை மரங்களைப் பார்த்தாள்.

எட்டில் ஒன்று மிச்சம்.
"சுடவா, நிறுக்கவா? நீதான் சொல்ல வேண்டும்."
நிறுங்கள் என்றேன்.
செய்த தொழிற்சாலையில் எவனாவது
கை தாராளமாயிருந்திருக்கலாம்.
வெள்ளைத் தாளில் மருந்து கொட்டியது:
ஒரு சிட்டிகைச் சாம்பல் நிறம்,
இத்தனை பேச்சுக்கும் அவ்வளவுதான்.
குண்டு கனமாகத்தான் இருந்தது. எள்ளளவு.
நூற்றிருபத்துநான்கு புள்ளி ஒன்பது.
புள்ளி ஒன்றை மன்னிக்க விதியில்லை என்றார்,
ஒரு கறுப்பு மிட்டாயை என் கையில் வைத்து.

சுடலாம், கணக்கில் சேராது.
சுட்டேன், பன்னிரண்டு களத்திலும்.
இரும்புத் தட்டுகளுக்குப் பெருக்கல் தெரியாது;
விழுந்தன.
பட்டியலின் அடியில் என் பெயர்,
பக்கத்தில் ஒரு பூஜ்யம், முட்டை போல் பளபளவென்று.

திங்கட்கிழமை, மைனஸ் ஒன்பது.
பேருந்தின் எஞ்சின் ஐந்து மணியிலிருந்து
மின்கம்பியில் சூடேறிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டு குளிர்காலமாக
இதே கையால் அந்த பிளக்கைச் சொருகுகிறேன்.
டீசலுக்குக் குளிரும் என்று தெரிந்தவளுக்கு
வெடிமருந்துக்கும் குளிரும் என்று தோன்றவில்லை.

கடைசி நிறுத்தத்தில், பிள்ளைகள் வரும்வரை,
நோட்டில் ஸ்கேல் வைத்து ஐந்தாவது கட்டம் கிழித்தேன்.
அக்டோபருக்கு: மைனஸ் ஆறு.
ஆகஸ்டுக்கு என்ன போடுவது?
அன்று எவள் பார்த்தாள் வெப்பமானியை.
யோசித்து, எழுதினேன்:
கொசு இருந்தது.