வியாழக்கிழமைச் செய்தி

காலை ஆறரைக்குக் கதவு திறப்பேன்.
வெளியே மைனஸ் ஒன்பது.
வெந்நீர்த் தொட்டியில் முப்பத்தொன்பது புள்ளி ஆறு.
குளோரின் அளந்து பதிவேட்டில் எழுதி
நிமிர்வதற்குள் வந்துவிடுவார்கள் நால்வரும்
ரப்பர்ச் செருப்பு பனியில் கிறீச்சிட.

கழுத்துவரை தண்ணீர்.
அதற்கு மேல் ஆவி.
ஆவிக்குள் தலைகள் மட்டும்:
ஒன்று இழுவைப்படகில் முப்பது வருடம் இருந்தது,
ஒன்று வங்கியில் கடன் மறுத்தது,
கம்பளித் தொப்பி போட்ட தலை
மூன்றாம் கல்யாணத்தில் இருக்கிறது.
நாலாவது, அஞ்சலக ஹால்ஃபிரீதுர்.
வாய் திறந்தால் தபால்தலை விலை, அவ்வளவுதான்.
முங்கிய பிறகு எல்லாரும் ஒரே உயரம்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
இந்த ஐஸ்லாந்துக் கரையில்
ஊரே உலைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

இன்றைக்கு ருபார்ப் ஜாமில் ஆரம்பித்தது.
வெனிலா சேர்ப்பவர்களை நாடு கடத்த வேண்டும்
என்றார் தாக்ஃபின்னுர்.
அவர் ஒரு கருத்திலிருந்து இறங்கி
நான் பார்த்ததில்லை, பதினோரு வருடமாக.
சுரங்கப்பாதை வந்தபின்
சாவு வீட்டில்கூட யாரும் இரவு தங்குவதில்லை
என்றாள் ஒட்னி.
அது நல்லதுதானே என்றார் ஸ்துர்லா.
நாய் வளர்ப்பவன் வரி கட்டணுமா,
உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைக்கணுமா,
தண்ணீர் நேற்றைவிட ஆறியிருக்கிறதா
(ஆறவில்லை. பதிவேடு என்னிடம் இருக்கிறது)
என்று எங்கெங்கோ போய்
அந்தக் காலத்து வியாழக்கிழமையில் முட்டி நின்றது.

எண்பத்தேழு வரைக்கும்
வியாழக்கிழமை தொலைக்காட்சி கிடையாது இங்கே.
நாடு முழுக்க இருந்த ஒரே அலைவரிசைக்கும்
வார விடுமுறை.

திரும்பக் கொண்டுவரணும் என்றார் ஸ்துர்லா.
அன்றைக்குத்தான் மனிதன் மனிதன் வீட்டுக்குப் போனான்.
எங்கே போனான், என்றார் தாக்ஃபின்னுர்,
உட்கார்ந்து சுவரைப் பார்த்தான்.
அன்றைக்குத்தான் உங்கள் மூன்று பிள்ளைகளும் உருவானார்கள்
என்றாள் ஒட்னி.
சிரிப்பில் தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்து
நான் தள்ளிவைத்த பனியைக் கரைத்தது.

எங்கள் அப்பா அன்றைக்கும் பெட்டியைப் போடுவார்
என்றாள் ஹால்ஃபிரீதுர்.

யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

மீன் ஆலையிலிருந்து வந்து கை கழுவி
கம்பளிச் சட்டைமேல் டை கட்டிக்கொண்டு
புள்ளி புள்ளியாய் இரையும் திரைக்குப் பக்கத்தில்
நாற்காலி போட்டு உட்கார்ந்து
செய்தி வாசிப்பார், எனக்கும் தம்பிக்கும்.
'குன்னார் வீட்டு ஆடு நம் சலவைக்கயிற்றைத் தின்றது.
அரசு இதுவரை கருத்துச் சொல்லவில்லை.'
'சின்னவனின் வலது பூட்ஸ் மூன்றாம் நாளாகக் காணவில்லை.'
நாங்கள் தரையில் புரள்வோம்.
அவர் சிரிக்க மாட்டார். செய்தியாளர் அல்லவா.

ஒரு வியாழன், மார்ச் மாதம்,
காகிதம்கூட எடுத்து வந்தார். அதற்கு முன் எடுத்ததில்லை.
'உங்கள் அம்மா ரெய்க்யாவிக்கிலேயே தங்குவது என்று
முடிவு செய்திருக்கிறாள்.'
அப்புறம் காகிதத்தைத் திருப்பி
'வானிலை.
வடமேற்குக் காற்று. மாலைக்குள் தணியும்.'

தொட்டியில் குழாய்ச் சத்தம் மட்டும்.
ஒட்னி தொப்பியைக் கழற்றினாள்,
திரும்பப் போட்டுக்கொண்டாள்.
நான் துடைத்த இடத்தையே துடைத்தேன்.

தணிந்ததா, என்று கேட்டார் ஸ்துர்லா.

எங்கே தணிந்தது, என்றாள்.
நாலு நாள் அடித்தது.
அப்பாவின் வானிலை ஒருநாளும் பலித்ததில்லை.
சிரித்தாள் போலிருந்தது. ஆவியில் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து
தாக்ஃபின்னுர் தொண்டையைச் செருமினார்.
ஒரு சொட்டு வெனிலா, என்றார்,
ஒரே ஒரு சொட்டு என்றால்
தப்பில்லை.

எட்டேகாலுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள்.
பதிவேட்டை எடுத்தேன்.
நபர்கள்: நான்கு.
வெப்பம்: முப்பத்தொன்பது புள்ளி நான்கு.
ஆறித்தான் இருக்கிறது, அவர் சொன்னது சரி.
குறிப்புகள் என்ற கட்டத்தில் கொஞ்சநேரம்
பேனாவை வைத்திருந்துவிட்டு
எழுதினேன்:
மூன்றாம் படியில் பாசி. தேய்க்கணும்.