கூடுதல் ஒரு முழம்

பேரியம் ஏற்றி, கட்டிலைச் சாய்த்து,
மூச்சைப் பிடி என்றார்கள்.
படத்தில் வெள்ளையாய்த் தெரிந்தது:
இடுப்புவரை இறங்கி, மனம் மாறி,
நெஞ்செலும்புக்குக் கீழே வந்து எட்டிப் பார்த்து
மறுபடி இறங்கும் என் பெருங்குடல்.
"ரிடன்டன்ட் கோலன்," என்றார் டாக்டர்.
"நோயில்லை. நீளம்."
ராக்குவுக்குப் புரியும்படி நான் சொன்னேன்:
ஒயர் மிச்சம்.

இருபத்தாறு வருஷமாய் ஒயர்மேன்.
கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்,
எந்த வீட்டில் எத்தனை ஸ்விட்ச் என்று கேளுங்கள்,
சொல்வேன்.
எந்த வீட்டில் வேலையாளுக்குக்
கழிவறை திறந்துவிடுவார்கள் என்று கேளுங்கள்,
அதைவிட வேகமாய்ச் சொல்வேன்.

காலை நாலு மணி. வெந்நீர்.
இசப்கோல், அது கெட்டியாவதற்குள் மடக்கென்று.
இரவில் அந்தத் தித்திப்பு மருந்து.
பூவன் பழம், பப்பாளி, விளக்கெண்ணெய்,
காரைக்குடியில் யார் எதைச் சொன்னாலும் அது.
நாலாம் நாள் இடது விலாவுக்குக் கீழே
காற்று வந்து குடியேறும்.
கல்யாணப் பந்தியில் கும்மாயம் வைக்க வந்தால்
கையால் இலையை மறைத்து, சுகர் என்பேன்.
சுகர் மரியாதையான வியாதி.

காலண்டரில் பென்சில் வட்டம்,
போன நாட்களுக்கு மட்டும்.
மாசத்துக்கு ஏழு, எட்டு.
பால் கணக்கு என்று நினைத்திருக்கிறாள் மகள்.

மதுரையில் சர்ஜன் சின்ன வயசு.
"மிச்சத்தை வெட்டி ரெண்டு முனையையும் சேர்த்துடலாம்."
ஜாயின்ட் தாங்குமா?
"பெரும்பாலும்."
வெட்டினாச் சரியாயிருமா?
பேனா மூடியைக் கழற்றி மாட்டினார்.
"நிறையப் பேருக்குக் கஷ்டம் குறையுது.
சிலருக்கு
நீளம் மட்டும்தான் குறையுது."

போன வாரம் கண்டனூரில் ஒரு பெரிய வீடு.
முட்டைப் பூச்சுச் சுவர், நகம் பட்டாலும் திட்டுவார்கள்.
பழைய பெட்டியைத் திறந்தேன்.
எவனோ ஒரு ஒயர்மேன்,
செத்துக்கூடப் போயிருப்பான்,
ஒரு முழம் ஒயரைச் சுருட்டி உள்ளே விட்டிருந்தான்.
அந்த ஒரு முழம் இல்லையென்றால்
சுவரை உடைத்திருக்க வேண்டும்.
நின்று கும்பிடத் தோன்றியது.

அடுத்த அறை. அதே கை, அதே சுருட்டல்.
இங்கே பின்னால் வந்த யாரோ ஏசிக்கு இழுத்திருக்கிறார்கள்;
சுருள் சூடேறி, உறை உருகி,
ஒன்றோடொன்று ஒட்டிக் கருகிக் கிடந்தது.
"அண்ணே, வெட்டிறவா?"
கட்டிங் பிளேயரும் கையுமாய்
பதிலுக்கு நிற்கிறான் பூமிநாதன்.
என் வயிறு ஒரு நீளமான சத்தம் போட்டது.
கேட்காத மாதிரி உத்தரத்தைப் பார்த்தான்,
நல்ல பையன்.

"கருகுனதை வெட்டு."
"மிச்சத்தை?"
"இரு."

ராக்கு எதுவும் சொல்லவில்லை.
வளையல் இரண்டையும் கழற்றி
மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்,
மூன்று நாளாய் அது அங்கேயே இருக்கிறது.
தேங்காய் அரைக்கும்போது குலுங்குகிறது.

நேற்று ராத்திரி அடுத்த மாசத் தாளைப் புரட்டி
பதினேழாம் தேதிக்கு ஒரு வட்டம் போட்டேன்,
அழிக்க முடிகிற அளவுக்கு லேசாக.
காலையில் மகள் பார்த்துவிட்டாள்.
"இன்னும் வராத நாளுக்கு எதுக்குப்பா வட்டம்?
அன்னைக்கு எவ்வளவு பால்?"