எண்ணூற்றுப் பன்னிரண்டு

உறையில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.
சிவப்பு எழுத்து, பக்கத்தில் ஒரு மின்னல்.
மில்லியாம்பியர் மணி என்று
ஹுவானுனி சந்தையில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை.
"எத்தனை ஆயிரம்?" அவ்வளவுதான் கேள்வி.

இருபது பேட்டரி, கடனுக்கு எடுத்தது.
கடையை மூடிவிட்டு, முழங்காலில் கம்பளி போர்த்தி
முதலாவதை முழுக்க ஏற்றி
அரை ஆம்பியரில் வடியவிட்டேன்.
பத்து நிமிடத்துக்கொரு முறை வோல்ட்டை எழுதினேன்,
மகனின் கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்திலிருந்து.

ஒரு மணி முப்பத்தேழு நிமிடம்.
அடுப்பில் சோளம் இன்னும் வேகவில்லை
(இந்த உயரத்தில் எதுதான் சீக்கிரம் வேகும்).
பேட்டரி வெந்து முடிந்துவிட்டது.
எண்ணூற்றுப் பன்னிரண்டு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது
இந்தப் பானைக்குச் செல்லாது.
இரண்டாவது எழுநூற்று நாற்பது.
மூன்றாவது ஆயிரத்து ஐந்து.
ஏழாவது ஏறவே இல்லை.
பொய்யாவது ஒரே அளவில் சொல்லியிருக்கலாம்.

ஏழாவதைத் தோலுரித்தேன்.
விரல்நுனி அளவு ஒரு குட்டி பேட்டரி,
சுற்றிலும் அடைத்த வெள்ளைப் பொடி.
பதர்கூடக் காற்றில் பறக்கும்.
இது எடைக்காகவே படைக்கப்பட்ட பதர்.

உடைந்த மடிக்கணினியிலிருந்து பிடுங்கிய பழசு ஒன்று
மேசை இழுப்பறையில் கிடந்தது.
இரண்டாயிரத்து இருநூறு என்று போட்டிருந்தது.
ஆறு வருடம் உழைத்த பிறகும்
ஆயிரத்து எண்ணூற்று அறுபது கொடுத்தது,
எந்த மின்னலும் இல்லாமல்.

விடிந்ததும் பத்தொன்பதுக்கும் பிளாஸ்திரி ஒட்டி
அதனதன் எண்ணை எழுதிக் கடையில் அடுக்கினேன்.
எதிர்க்கடை எவாரிஸ்தோ சிரித்தான்:
"காசிமிரா, பத்தால் வகுக்க எல்லாருக்கும் தெரியும்.
நீ ஏன் வகுத்தே விற்கிறாய்?"
மதியம்வரை அவன் பதினொன்று விற்றான்.
என்னிடம் ஒருத்தி விலை கேட்டாள்,
எண்ணைப் பார்த்தாள்,
எதிர்ப்பக்கம் போனாள்.

சாயங்காலம் தொரிபியோ வந்தான்,
தலைக்கவசத்தில் இன்னும் ஈரச் சேறு.
"எண்ணூற்றுப் பன்னிரண்டு, எத்தனை மணி?"
"ஒன்றரை. கொஞ்சம் கூட."
விரல் மடக்கினான்.
ஏணி இறங்க நாற்பது நிமிடம், ஏற அறுபது.
ஆறு எடுத்துக்கொண்டான்.

மறு வாரம் மறுபடி வந்தான்.
"எழுத்தைப் பெரிதாகப் போடு," என்றான்.
"உள்ளே வெளிச்சம் மங்கும்போது படிக்க முடியவில்லை.
ஆயிரத்து ஐந்தை
திரும்பி வருவதற்கென்று வைத்திருக்கிறேன்."